இரண்டு ரூபாய் கச்சேரி

முட்டுக்காட்டில் கச்சேரிக்கு நல்ல மாதம் சித்திரை. மெட்ராஸ்காரர்கள் மார்கழி என்பார்கள், எங்களுக்கு அது சரிப்படாது. மார்கழியில் உப்பங்கழி நிறைந்து கிடக்கும். முகத்துவாரம் திறந்து கடல் உள்ளே வருவதும் போவதுமாக இருக்கும். கோவளத்து ஆட்கள் இந்தப் பக்கம் வர வேண்டுமானால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வெயில் ஏறினால் அலையே மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். அப்புறம் வேட்டி நனையாமல் அந்தக் கரைக்கு நடந்து போய் வரலாம். என் மாமா கச்சேரிக்குத் தேதி குறிப்பது அந்த மணலைப் பார்த்துத்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மைக் செட் கடையில் வேலை. கல்யாணம் வந்தால் பேண்டு செட்டில் டிரம், சாவு விழுந்தால் பறையோ சட்டியோ. அம்மா கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்துக்குப் போய்விடுவதால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமாவின் பின்னாலேயே திரிவேன். பறைக்குச் சூடு காட்டுகிற வேலையை முதலில் எனக்குக் கொடுத்தார். வைக்கோலைக் கொஞ்சமாகக் குவித்துக் கொளுத்த வேண்டும். தீ எழும்பி அடங்குகிற நேரத்தில் தோலை அதன் மேல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். மாமா நடுவிரலால் ஓரத்தில் ஒரு சுண்டு சுண்டுவார். தொளதொளவென்று இருந்தால் திருப்பி என்னிடமே தள்ளிவிடுவார். கணீரென்று வந்தால் மட்டும் வலது கையில் அடிக்குச்சியும் இடது கையில் சிண்டுக்குச்சியும் ஏறும். எனக்கு அந்த வயதில் சிண்டுக்குச்சி பிடிபடவே இல்லை. விரல் இடுக்கில் அது நிற்காது, நழுவி மணலில் விழும். “இறுக்காத மாப்ள, அது பாட்டுக்கு ஆடணும்” என்பார்.

பக்கத்து ஊரில் சாவுக்கு அடிக்கப் போனால் கூலியைத் துண்டில் போடச் சொல்லி எட்ட நின்று எறிவார்கள். தாத்தா குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார். மாமா ஒருநாள் துண்டை விரிக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டே நின்றார். நானும் கூட நின்றேன், என் தோளில் சட்டி. கடைசியில் யாரும் கையில் கொடுக்கவில்லை, நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து கூப்பிடவே இல்லை. ஆயா ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தாள், சோற்றுக்கு என்னடா பண்ணுவே என்று. மாமா பதில் சொல்ல மாட்டார், ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கிடார் வந்தது அதற்கடுத்த டிசம்பரில். கோவளத்தில் பழைய கோட்டை இருந்த இடத்தில் 1974இல் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஓட்டல் வந்ததிலிருந்து, 31ஆம் தேதி ராத்திரி இங்கிலீஷ் பாட்டு எங்கள் கரைக்குக் கேட்கும். பிறகு கடற்கரையோரம் சின்னச் சின்ன விடுதிகளும் முளைத்தன. அப்படி ஒன்றுக்கு மெட்ராஸிலிருந்து வந்த பேண்டுக்கு ஒயர் இழுக்க மாமா போனார். கழுத்தில் விரிசல் விட்ட ஒரு கிடாரை அவர்கள் கழித்துக்கட்டப் பார்த்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, விடியற்காலை வீட்டுக்கு வந்தார். நான்கு கம்பிதான் இருந்தது. விரிசலில் கோந்து ஊற்றி, மீன் வலைக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினார். இல்லாத இரண்டு கம்பிக்குத் தூண்டில் நரம்பு. மற்ற கம்பிகள் ‘டிங்’ என்றால் அவை இரண்டும் ‘டொப்’ என்னும். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எங்கோ பிடித்த மூன்று பிடிகள், அதை வைத்து எல்லாப் பாட்டையும் ஒப்பேற்றிவிடுவார்.

கிடாரின் சத்தம் பறைக்கு முன்னால் எடுபடவில்லை. அதற்கும் ஒரு வழி பண்ணினார். சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, மைக்கைக் கிடாரின் ஓட்டைக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டார். அகுஜா ஆம்ப்ளிஃபயரில் சொருகி, புங்க மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்குக் கொடுத்தார். முதல் தட்டிலேயே ‘கீ...’ என்று ஓர் ஊளை. கோழிகள் பறந்தன. எதிர்வீட்டுப் பாட்டி முறத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள். மைக் செட்காரனுக்கு அந்த ஊளைதான் ஜென்ம எதிரி. கல்யாண வீட்டில் அது வந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள். மாமா ஸ்விட்சை அணைக்கவில்லை. கிடாரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார், ஊளை ஏறியது. விலக்கினார், இறங்கியது. “மாப்ள, இத்த அடக்க வேணாம். மேய்க்கலாம்” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

1996 டிசம்பரில் எங்கள் ஊரில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அதற்கு முன்பே சில வருஷம் அங்கே கட்டட வேலை. லாரி பேக்கர் திட்டம் போட்ட இடம் என்பதும், டெபோரா தியாகராஜன் என்ற அம்மா முன்நின்று நடத்துகிறார் என்பதும் எனக்குப் பிற்காலத்தில் தெரிந்த சங்கதி. அப்போது எங்களுக்கு அது, எங்கிருந்தோ பழைய வீடுகளைத் தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்புகிற விநோத இடம். உள்ளே கூத்தும் பறையும் நடந்தது. பார்க்க டிக்கெட். நாங்கள் விடிய விடிய மண்ணில் உட்கார்ந்து இனாமாகப் பார்க்கிற கூத்துக்குச் சனங்கள் காரில் வந்து காசு கொடுத்து, கைதட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா பார்த்துவிட்டு வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மாவிடம், “அக்கா, நாம அடிக்கிறதுக்கும் டிக்கெட்டு போடலாம் போலக்கீதே” என்றார்.

1998 சித்திரையில் போட்டார். டிக்கெட் இரண்டு ரூபாய். கேளம்பாக்கம் அச்சகத்தில் ரோஸ் கலர் நோட்டீஸ். பணம் போதாமல் சாணித்தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அடித்தோம். பேண்டுக்குப் பேர் கிடையாது. ‘மாபெரும் இன்னிசை’ என்று அச்சகக்காரரே போட்டுக்கொண்டார். சைக்கிளின் முன்பாரில் என்னை உட்கார வைத்து கோவளம், செம்மஞ்சேரிக் குப்பம், திருவிடந்தை வரை மாமா மிதித்தார். நான் நோட்டீஸை விசிறிக்கொண்டே போனேன். கோவளத்தில் மாதா கோயில் பையன் ஒருத்தன் கீபோர்டு வாசிப்பான், அவனைப் பிடித்தார். தர்கா பக்கம் தப்ஸ் அடிக்கிற ஒருத்தரைப் பிடித்தார். பாட வந்தது குப்பத்துப் பையன். கானாவை அவனைப் போல் இழுத்துப் பாட எங்கள் கரையில் ஆளில்லை. கோயில் திருவிழாவில் எங்களோடு ஒரே பாயில் உட்காராத ஆட்கள் கூட, முகத்துவாரத்து மணல் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அன்றைக்கு வந்து உட்கார்ந்தார்கள். இதை மாமா கணக்குப் போட்டுத்தான் செய்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கச்சேரி நன்றாக இருந்ததா என்றால், இல்லை. கீபோர்டு ஒரு சுருதியில் போனது, கிடார் வேறொன்றில். ஜெனரேட்டர் இரண்டு தரம் நின்றது. ஆனால் பறையும் தப்ஸும் சேர்ந்து ஏறி, நடுவில் மாமா அந்த ஊளையை அவிழ்த்துவிட்டாரே, அந்த நேரத்தில் பொடிசுகள் நாங்கள் எல்லாம் எழுந்து மணலைக் காலால் வாரி இறைத்துக்கொண்டு ஆடினோம். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். திட்டியவர்கள் எழுந்து போகவில்லை, இரண்டு ரூபாய் கொடுத்திருந்தார்களே.

வேலைக்குப் போன பிறகுதான் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துக் கதை ஒன்றைப் படித்தேன். 1976இல் ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்று இரண்டு கல்லூரிப் பையன்கள். லண்டனுக்கு வெளியே செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவைப் பார்த்துவிட்டு, இவர்களை நம் ஊருக்குக் கூட்டிவர வேண்டும் என்று துடித்து, ஜூன் 4ஆம் தேதிக்கு ஒரு சின்ன அரங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் சுமார் 40 பேர். இவர்களுடைய சொந்த பேண்டான பஸ்காக்ஸ் அன்றைக்கு மேடையேறத் தயாராகவில்லை, ஜூலையில்தான் ஏறியது. அந்த 40 பேருக்குள் உட்கார்ந்திருந்த பையன்கள் பிற்பாடு ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ் என்று குழுக்கள் தொடங்கினார்கள். 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்காமல் தாங்களே இசைத்தட்டு போட்டார்கள். நான்கே பாட்டு, முதலில் ஆயிரம் பிரதி. படித்தபோது எனக்குச் சாணித்தாள் நோட்டீஸ்தான் நினைவுக்கு வந்தது. பங்க் என்றதும் நம் பத்திரிகைகள் சட்டை ஊக்கையும் சாயமடித்த முடியையும் பற்றி எழுதும். அரங்கை வாடகைக்குப் பிடித்தவன் யார், கடன் வாங்கியவன் யார் என்று எழுத மாட்டார்கள். வாசிக்கிறவனே மேடையும் கட்டியதுதான் அதில் விசேஷம்.

2002இல் எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையானது. கழியோரம் மதில்கள் எழும்பின. மாமாவின் கச்சேரி அதற்குள் நின்றுபோயிருந்தது. கோவளத்தில் 2013இல் அலைச்சறுக்கு விழா தொடங்கியபோது இரவில் கடற்கரையிலேயே மேடை போட்டு பேண்டுகள் வாசித்தன. சறுக்குப் பள்ளி நடத்துகிற மூர்த்தி மேகவன் அந்தக் குப்பத்து மீனவர் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை. மாமா போய்ப் பார்த்து, “சவுண்டு சுத்தமாக்கீது” என்று மட்டும் சொன்னார். அவர் வாயில் அது பாராட்டில்லை.

2018 ஜனவரி 6ஆம் தேதி அவரை வம்படியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப்போனேன். சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி. இயக்குநர் பா. இரஞ்சித் தொடங்கிவைத்த குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். 19 பேர் கோட்டு சூட்டில் ஏறினார்கள். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிற அறிவு, ஒரே பெண்ணாக இசைவாணி. பறையும் சட்டியும் ஒரு பக்கம், கிடாரும் டிரம்ஸும் இன்னொரு பக்கம். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு. மாமா கொஞ்ச நேரம் முன்வரிசையில் நின்றார். சட்டி தனியாக எழும்பிய இடத்தில் என் கையைப் பிடித்தார். அப்புறம் காணோம். தேடினால், சவுண்டு மிக்சர் பக்கத்தில் நின்று, சட்டிக்கு எந்த மைக் வைத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்த பையனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த 19 பேரையும் ஒரு சுருதிக்குள் கொண்டுவந்தவர் டென்மா. அவரைப் பற்றி நம் பத்திரிகைகளில் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை. கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ குழுவில் வாசித்தவர். சினிமாவுக்கு வெளியே தமிழில் சொந்தப் பாட்டு போடுகிறவர்களுக்காக ‘மெட்ராஸ் இண்டி கலெக்டிவ்’ என்று ஓர் அமைப்பையும் ‘மெட்ராஸ் மேடை’ என்று விழாவையும் நடத்தியவர். 2019இல் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, 2022இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ என்று படங்களுக்கும் இசையமைத்தார். சினிமா கிடைத்ததும் மேடை கட்டுகிற வேலையைத் தலைமுழுகிவிடுவதுதான் இங்கே வழக்கம், நம் ஊரில் சினிமா அவ்வளவு பெரிய வாய். இவர் இரண்டையும் செய்தார். அறிவும் இசைவாணியும் குழுவைத் தாண்டித் தனியாகவும் பேர் வாங்கினார்கள். இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபாக்கள் வைத்திருந்த மாதத்தில் பறைக்கும் கானாவுக்கும் மேடை. அதற்கெல்லாம் ஒரே ஆள் காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடுகிறவனைத் தேடிக் கண்டுபிடித்து, ஒத்திகை பார்த்து, ஒயர் இழுத்து, மேடையேற்றுகிற ஆள் ஒருத்தர் இல்லாவிட்டால் பாட்டு தெருமுனையிலேயே நின்றுவிடும். எங்கள் கரையில் அப்படித்தான் நின்றது.

மாமா இப்போது கேளம்பாக்கத்தில் பந்தல், லைட், சவுண்டு வாடகைக்கு விடுகிறார். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நான்கு பேர் பேண்டு வைத்துக்கொண்டு வந்தால் பாதி வாடகைதான் வாங்குவார். ஓசி பாஸ் கேட்டு வருகிற சொந்தக்காரர்களுக்கு மட்டும் அவரிடம் இரக்கமே கிடையாது, நானும் காசு கொடுத்துத்தான் உள்ளே போகிறேன். உங்கள் பேட்டையிலும் யாராவது சொந்தப் பாட்டோடு ஒரு சின்ன மேடை போட்டிருப்பார்கள். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஜெனரேட்டர் நிற்கும். பாஸ் கேட்காதீர்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள்.