பொருநையோடு கடல் வரை – 5: கடல் விலகிய ஊர்கள்

போன இதழில் கன்னடியன் அணைக்கட்டோடு நிறுத்தியிருந்தேன். இந்த முறை பொருநை ஆறு கடலில் சேரும் இடம் வரை போய்விடுவது என்று விடியும் முன்னே பாளையங்கோட்டையிலிருந்து காரை எடுத்தோம். திருச்செந்தூர் சாலை. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களைத் தனியாகத்தான் எழுத வேண்டும். செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டி ஆதிச்சநல்லூரில்தான் இறங்கினோம்.

சாலையை ஒட்டியே அந்தப் பரம்பு கிடக்கிறது, 114 ஏக்கர். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய மேடு. இப்போது இறந்தவர்களைப் புதைத்த தாழிகளை அந்தந்தக் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் உடைந்த தாழியின் விளிம்பு தெரிகிறது. நிமிர்ந்தால் கீழே வாழைத்தோட்டம். பயிர் ஏறாத கல்மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, ஆற்றோரத்து வண்டலை உழுதிருக்கிறார்கள் நம் முன்னோர்கள்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு இந்த ஆற்றில் எட்டாவது, கடைசி. இங்கே தண்ணீர் வடகால், தென்கால் என்று பிரிந்து குளங்களுக்குப் போய்விடுகிறது. கீழே மணலும் சீமைக்கருவேலமும். "மழைக்காலத்துல எவ்வளவு தண்ணி வீணா கடலுக்குப் போகுது தெரியுமா சார்?" என்று பாலத்தில் நின்றவர் ஆதங்கப்பட்டார். 2023 டிசம்பரில் இதே ஆறு கரை மீறியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளும் நனைந்துகொண்டிருந்த நேரத்தில், சோறு பொங்கிப் போட்டார்கள். அந்த ஊரைக் கடக்கும்போது மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

ஏரல் வழியாகக் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க மாலுமிகளின் கையேடான பெரிப்ளூஸ், இங்கே தண்டனைக் கைதிகளை முத்துக்குளிக்க இறக்கியதைச் சொல்கிறது. இன்று போய் நின்றால் கடல் வாடையே இல்லை. வயல், வாழை, ஒரு குளம், ஒரு பழைய வன்னிமரம். கடல் பல கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலே கடலைத் தள்ளிவிட்டது என்பதைக் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்துவிட்டு 1877-இல் எழுதினார். கப்பல் வர வழியில்லாமல் போனதும் வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. அரபுக் குதிரைகள் வந்திறங்கிய அந்தக் காயலைத்தான் மார்க்கோ போலோ பதிவு செய்தார். பிறகு அதுவும் தூர்ந்தது. போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல் முன்னுக்கு வந்தது. ஆறு முன்னே போக, துறைமுகங்கள் பின்னாலேயே நடந்திருக்கின்றன. நாங்களும் அதே வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

முக்காணிப் பாலம் தாண்டினால் ஆத்தூர். வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். கொடிக்காலுக்குள் நுழைந்ததும் வெயில் காணாமல் போனது. அகத்தி மரங்களில் கொடியை நாரால் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். இடையே பாத்தியில் தண்ணீர். கிள்ளிய வெற்றிலையை ஒரு பெரியவர் ஒரே அளவாக அடுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு வெத்தலை போட்டுப் பாருங்க" என்று நீட்டினார். காரம் மெதுவாகத்தான் ஏறியது.

புன்னைக்காயலில் சாலை முடிந்துவிடுகிறது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்ட அன்றீக் அடிகளார் தமிழ் கற்று உழைத்த கரை இது. முகத்துவாரத்தில் அலையாத்தி மரங்கள், வரிசையாகப் படகுகள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மீன்பாடு எப்படி என்று கேட்டேன். "ஆத்துத் தண்ணி இறங்குனாத்தான் அண்ணாச்சி றாலு படும். இப்ப எங்க வருது?" என்றார். ஸ்ரீவைகுண்டத்தில் 'வீண்' என்று கேட்ட அதே தண்ணீரைத்தான் இவர் எதிர்பார்த்திருக்கிறார். நெல்லுக்கும் வாழைக்கும் பங்கு பிரிக்கும்போது இந்தக் கரையையும் ஒரு பாசனக்காரராக எண்ண வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மதியத்துக்கு மேல் காயல்பட்டினம் வழியாகத் தெற்கே திரும்பினோம். உடன்குடித் தேரியும் மணப்பாடும் அடுத்த இதழில்.