கண்ணாடியும் பிடிமானமும்

ஊவா மாகாணத்தில் துப்பாக்கியின் கதை என்பது பெரும்பாலும் துரைமாரின் கதையே. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியவர் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்த சென் மார்க் தேவாலயம் பதுளையில் இன்றும் நிற்கிறது. 1900இல் தோட்டத்துரைமார் தமக்கென ஒரு துப்பாக்கிப் படையையே அமைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் போர்க் கைதிகள் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முகாமில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இருந்தார்கள். கண்ணாடி எதுவுமின்றி, துப்பாக்கியிலுள்ள இரும்புக் குறியை மட்டும் நம்பித் தொலைதூரம் சுடுவதில் பெயர் பெற்றவர்கள் அவர்கள்.

எங்கள் மக்களோ துப்பாக்கியை அதன் வாய்ப்பக்கமிருந்தே பார்த்துப் பழகியவர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியான கோவிந்தனின் பெயரை மலையகத்தில் அறியாதவர் குறைவு.

இதையெல்லாம் எழுதக் காரணம் கனடாவில் வசிக்கும் என் தங்கை மகன். ரொறன்ரோவில் குறிசுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, முறைப்படி அனுமதிப் பத்திரமும் பெற்றிருக்கிறான். “மாமா, ஒரு ஸ்கோப் வாங்க வேண்டும். எதைத் தெரிவு செய்யலாம்?” என்று கேட்டிருந்தான். போர்க்காலத்தில் பாதுகாப்புச் செய்திகளை எழுதியவன் என்பதால் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவனது எண்ணம். அவன் தாய்க்கோ அதைக் கேட்டதிலிருந்து உறக்கமில்லை.

அவன் ஆடவிருப்பது ‘எஃப் கிளாஸ்’ எனப்படும் போட்டி. கனடாவைச் சேர்ந்த ஃபார்குஹார்சன் என்ற முதிய வீரர், வயதால் பார்வை மங்கிய பின்னரும் சுடுவதைத் தொடர விரும்பி, தொலைநோக்கியும் தாங்கியும் வைத்துச் சுடும் முறையைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் முதலெழுத்தே போட்டிக்கும் பெயராயிற்று. ஆயிரம் கெஜத்துக்கு அப்பாலுள்ள அட்டையில் முழுப்புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10 அங்குலம் மட்டுமே.

கடைக்குச் செல்பவர் எல்லோரும் முதலில் கேட்பது, “எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்?” என்பதே. பெருக்கம் கூடக் கூட, வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் அலையும் பெருகித் தெரியும். அதைவிட முக்கியமானது, குறியை உயர்த்தித் தாழ்த்தும் திருகு எவ்வளவு தூரம் செல்லும் என்பது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ‘மினிட்’. ஆயிரம் கெஜத்தில் அது சுமார் பத்தரை அங்குலம். நூறு கெஜத்துக்குச் சரிபார்க்கப்பட்ட .308 துப்பாக்கியின் குண்டு, ஆயிரம் கெஜத்தை அடையும்போது 35 முதல் 40 மினிட் வரை தாழ்ந்துவிடும். ஸ்கோப்பின் மொத்த அசைவு 60 மினிட் எனில், நடுவிலிருந்து மேல்நோக்கிக் கிடைப்பது 30 மட்டுமே. ஆகவேதான் முன்பக்கம் 20 மினிட் சரிந்த அடித்தளத்தின் மீது அதைப் பொருத்துகிறார்கள்.

இங்கேதான் மவுண்ட் எனப்படும் பிடிமானம் வருகிறது. கண்ணாடிக்கு ஆயிரக்கணக்கில் டொலரைக் கொட்டுபவர்கள், மிஞ்சிய சில்லறையில் இதை வாங்கிவிடுகிறார்கள். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரு வளையங்களுக்கும் இடையே 100 மில்லிமீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று, மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு அசைந்தால் போதும். ஆயிரம் மீற்றரில் குறி ஒரு மீற்றர் விலகிவிடும். எத்தனை உயர்ந்த கண்ணாடியானாலும் இதைத் திருத்தாது. எனவே வளையங்களின் அளவு ஸ்கோப்பின் குழாய்க்குப் பொருந்த வேண்டும். திருகாணிகளை மனம்போன போக்கில் முறுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன விசைக்கு அளவுகோல் வைத்து முறுக்க வேண்டும். துப்பாக்கி ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலே அந்தத் தூரத்தில் ஏழு அங்குலம் விலகும் என்பதால், சிறிய நீர்மட்டம் ஒன்றும் அவசியம். முதலில் பிடிமானத்துக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் கண்ணாடியைப் பார் என்று அவனுக்கு எழுதினேன்.

தங்கைக்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. “அந்தக் கண்ணாடியில பார்த்தா ஆள் தெரியுமாண்ணே?” என்று கேட்டாள். பொய் சொல்ல முடியவில்லை. தெரியும் என்றேன். அட்டையைச் சுடும் விளையாட்டுத்தான், அங்கே சட்டங்கள் இறுக்கமானவை என்றெல்லாம் விளக்கினேன். அவள் மௌனமாகவே இருந்தாள். முப்பது ஆண்டுப் போரையும் பார்த்த ஒரு தாயின் மௌனம் அது.

அவள் கேள்வி நியாயமானது. பிடிமானத்தின் வேலையே பார்வையையும் குழலையும் ஒன்றாகக் கட்டிவிடுவதுதான். அது எவ்வளவு செம்மையாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பார்ப்பதும் குறிவைப்பதும் ஒன்றாகிவிடும். துப்பாக்கியிலுள்ள கண்ணாடியால் எதையும் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று குறிசுடும் களங்களில் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். பார்ப்பதற்கென்று தனியான தொலைநோக்கியைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

ஆகவே மருமகனுக்கு மேலும் ஒரு வரி எழுதினேன்: நல்ல பைனாகுலர் ஒன்றும் வாங்கிக்கொள். அடுத்த முறை நமுனுகுலவுக்கு வரும்போது அதை மட்டும் கொண்டு வா. ஒன்பது சிகரங்களையும், கொழுந்து கொய்யும் நம் பெண்களையும் அதில் பார்க்கலாம். பார்க்கப்படுகிறவர் அஞ்ச வேண்டியதில்லை.