தளர்ந்தது அப்பாவின் கை இல்லை... வண்டியின் ஷாக் அப்சர்பர்!

அப்பா 24 வருடங்களாக பிக்கப் வண்டி ஓட்டுகிறார். நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றி, கரூர், ஈரோடு கடைகளில் இறக்குவது அவர் வேலை. ஓர் அட்டைக்கு 30 முட்டை. வழியில் உடைவதை வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வேகத்தடை வந்தால், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல வண்டியை இறக்குவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் அம்மாவிடம், “வண்டியக் குடுத்துறலாம்னு இருக்கறேன். கை முன்ன மாதிரி இல்ல” என்று சொல்லியிருக்கிறார். முட்டை உடைவது கூடிவிட்டது. வளைவில் வண்டி தள்ளாடுகிறது. பிரேக் மிதித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது. அப்பாவுக்கு 58 வயது. பழியை மொத்தமாக வயதின் மேல் போட்டுவிட்டார்.

அம்மா போனில் இதைச் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்னையில் நான் டிப்ளமோ படித்தது அந்த வண்டி ஓடிய காசில்தான்.

அந்த வார லீவில் ஊருக்குப் போனேன். “வாங்கப்பா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்று அழைத்து, குண்டும் குழியுமான பஞ்சாயத்து ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டச் சொன்னேன். திரும்பியதும் சைலன்சர் பக்கம் கை போகாமல், நான்கு ஷாக் அப்சர்பர்களையும் தொட்டுப் பார்த்தேன். முன்னால் இருந்த இரண்டும் நல்ல சூடு. போன வருடம் எஃப்.சி-க்கு விட்டபோது மாற்றியவை அவை. வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாத பின்பக்க இரண்டும் சில்லென்று இருந்தன. அவற்றின் மேல் எண்ணெய் வழிந்து, புழுதி அப்பிக் கிடந்தது.

சூடாக இருந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். லோடு எடையைத் தாங்குவது ஷாக் அப்சர்பர் இல்லை, அடுக்கடுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங்தான். ஆனால், ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கினால் தானாக நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சர்பரின் வேலை. குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது, ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறுகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்க ஆள் இல்லை. டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்காமல் துள்ளும். பிரேக் பிடித்தாலும் வண்டி கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும்.

ஷெட்டில் விட்டால் ஒருநாள் ட்ரிப் போய்விடும். அப்பா லாரி கிளீனராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தோம். ஒன்று போயிருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்து வண்டி இழுக்கும்.

முந்தைய நாள் இரவே துருப்பிடித்த போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டோம். காலையில், சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தோம். ஜாக்கியில் தூக்கியதும் ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்தார் அப்பா. கழற்றிய டயரையும் சேஸுக்கு அடியில் படுக்க வைத்தார். “ஜாக்கிய நம்பி மட்டும் வண்டிக்கு அடியில போகக் கூடாது கண்ணு.”

மேலே ஒரு போல்ட்டு, கீழே ஒரு போல்ட்டு. கீழே இருந்தது அசைய மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. கழன்று வந்த பழைய ஷாக்கைத் தரையில் நிறுத்தி அழுத்தினார் அப்பா. காற்றுப் போன சைக்கிள் பம்பு மாதிரி சொத்தென்று உள்ளே போனது. புதியதை அழுத்தச் சொன்னேன். முழுப் பலம் கொடுத்த பிறகுதான் மெதுவாக இறங்கியது. இரண்டையும் மாற்றி மாற்றி நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

புதியதை மாட்டும் முன், நிமிர்த்திப் பிடித்து சில முறை முழுக்க இழுத்து அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினோம். போல்ட்டுகளை முதலில் லேசாக முடுக்கி, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக இறுக்கினோம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

மறுநாள் கரூர் போய் வந்தவர், “நாலே முட்டைதான் கண்ணு” என்றார். ராத்திரி சாப்பிடும்போது அம்மா, “ஏனுங்க, வண்டிய விக்கறதாச் சொன்னீங்களே?” என்று கேட்க, “எந்த வண்டிய?” என்று ரசத்துக்குக் கை நீட்டினார்.

ஷாக் மாற்றி 58 வயதைக் குறைக்க முடியாது. ராத்திரி ட்ரிப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால், தேய்மானம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஓட்டுபவர் கையும் தினமும் கொஞ்சம் அதற்குப் பழகிவிடுகிறது. அதனால் வண்டி ஆட ஆரம்பிக்கும்போது அவர் வண்டியைச் சந்தேகிப்பதில்லை, தன்னையே சந்தேகிக்கிறார்.

உங்கள் வீட்டிலும் “முன்ன மாதிரி ஓட்ட முடியல” என்று யாராவது சொன்னால், முதலில் வண்டியைப் பாருங்கள். காராக இருந்தால் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி, மேலும் மேலும் ஆடினால் மாற்ற வேண்டும். பைக் என்றால் முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் என்றால் மட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆபத்து. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.