தேயிலைப் பெட்டிப் பலகை

ஒட்டுப்பலகையை அறுக்கும்போது மேற்பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும். பெயர்ந்து போவது அடிப்பக்கம். இதை நான் முதலில் கண்டது 1983 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில். பெருநாள் முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. எனக்குப் பதினான்கு வயது.

தோணி கட்டும் யோசனை அடுத்த வீட்டுத் தமிழ்ப் பையனுடையது. பழைய ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் 'மிரர்' என்ற சிறு பாய்த்தோணியைக் கண்டுபிடித்திருந்தான். ஜாக் ஹோல்ட்டும் பெரி பக்நெலும் வடிவமைத்து 1963இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, பொருத்துகளின்மேல் கண்ணாடிநார் நாடாவைப் பிசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். நீளம் பதினோரடிக்குக் கொஞ்சம் குறைவு. "தையல் வேலைதானேடா" என்றான்.

வாப்பா கொட்டாஞ்சேனையில் தேயிலை ஸ்டோர் ஒன்றில் கணக்கெழுதினார். உடைந்த தேயிலைப் பெட்டிகளை அவர்தான் கொண்டுவந்து தந்தார். ஓரத்துத் தகரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த வெள்ளித்தாளை உரித்தால் ஒரு பெட்டிக்கு ஆறு மெல்லிய பலகைகள். விறகு அறுக்கும் பெரும்பல் வாளால் அறுத்தோம். திருப்பிப் பார்த்தால் ஓரம் முழுக்கத் தேங்காய்த் தும்பு மாதிரி. "நாளைக்கு வேற வாள் எடுப்பம்" என்றான்.

மறுநாள் ஒழுங்கையில் வீடுகள் எரிந்தன. அவனும் தாயும் தங்கச்சியும் மூன்று இரவுகள் எங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், அங்கிருந்து காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பல். மழைக்குப் பசை விட்டுப் பலகைகள் ஏடு ஏடாகப் பிரிந்தன. உம்மா அடுப்பில் வைத்தா.

1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். நான் பதில் போடவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று பாய் விரித்துப் படுத்திருந்தது; அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அதற்குப் பின்னும் எத்தனையோ வருஷங்கள் இருந்தன.

ஓய்வு பெற்றதும் தோணி திரும்ப நினைவுக்கு வந்தது. சிங்களத்தில் எங்களை 'மரக்கல' என்பார்கள், மரக்கலமேறி வந்தவர்களாம். எனக்கோ ஒரு பலகை நேராக அறுக்க வராது. ஆமர் வீதியில் ஆறு மில்லிமீற்றர் மரைன் பலகை வாங்கினேன். முத்திரையை மட்டும் நம்பாமல் துண்டொன்றைச் சில மணி நேரம் கொதிநீரில் அவித்தேன். பலகை பிரியவில்லை. மனைவிதான் அந்தப் பானையைத் திரும்ப ஏற்கவில்லை.

அறுக்கக் கற்றுத் தந்தவர் கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான பாஸ். "வாள்பல் வெளியேறுற பக்கம்தான் பெயரும் தம்பி" என்றார். கைவாள் கீழ்நோக்கித் தள்ளும்போது அறுப்பதால் நல்ல பக்கம் மேலே இருக்க வேண்டும். மின்சார வட்டவாளின் பற்கள் கீழிருந்து மேலே வரும். அதற்கு நல்ல பக்கம் கீழே. "தோணிக்கு ரெண்டு பக்கமும் நல்ல பக்கம்தானே பாஸ்?" என்றேன். சிரித்துவிட்டு, கோட்டைக் கூர்க்கத்தியால் இரு பக்கமும் கீறச் சொன்னார். மேலேட்டின் நார் முதலிலேயே வெட்டுப்பட்டுவிட்டால் வாள் அதைப் பிய்க்காது. நாருக்குக் குறுக்கே அறுக்கையில் இது மிக அவசியம். கீழே ஒரு கழிவுப் பலகையை ஒட்டினாற்போல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட வேண்டும். வாள் நுண்பல்லாக இருக்க வேண்டும், சாய்த்துப் பிடிக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றர் விட்டு அறுத்து, மீதியைச் சீவுளியால் கோடுவரை கொண்டுவர வேண்டும். கடைசி அங்குலத்தில் விழப்போகும் துண்டை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் பாரமே ஓரத்தைக் கிழித்துவிடும். எனக்கு மகன் பிடித்தான். அறுத்த ஓரம் தண்ணீரைக் குடிக்கும்; அதனால் எபொக்சி பூசி அடைக்க வேண்டும்.

முதல் பக்கப் பலகை சுத்தமாக வந்தது. அவனுடைய ரொறன்ரோ இலக்கம் இரண்டு வருஷமாக என் கைப்பேசியில் இருந்தது. ஸலாமும் இல்லை, வணக்கமும் இல்லை, ஓரத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.

இரவு பதில் வந்தது: "அடிப்பக்கத்தைக் காட்டு."

விளக்கைப் போட்டு, மகனை எழுப்பி, இருவருமாகப் பலகையைப் புரட்டினோம்.