மாளிகையும் மனையும்

"எந்தத் தெரு, தம்பி?"

ஒரகடத்திலே வாடகைக்கு வீடு தேடிச் சென்ற என்னிடம் வீட்டுக்காரர் கேட்ட முதற்கேள்வி இது. தொழிற்சாலையிலே என்ன வேலை என்று கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்டார். தெருவின் பெயருக்குள்ளே சாதியின் பெயர் ஒளிந்திருக்கிறதல்லவா! சொன்னேன். "வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது" என்றார். 'வீடு வாடகைக்கு' என்ற பலகை மட்டும் வாசலிலே ஆடிக்கொண்டேயிருந்தது.

அடுத்த வாரம், என் தந்தையாரைச் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அருகிலே வானளாவி நிற்கும் வெண்ணிற மண்டபத்தைக் காட்டி, "1969-ல் அதோ, அந்தப் படிகளின் கீழேதான் நின்றேன். அண்ணாவைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்" என்றார். அப்போது அவருக்கு வயது 17. பிறகு, 1973-ல் பெரியாரின் உடலும் அங்கேயே வைக்கப்பட்டது.

இராசாசி மண்டபம்! 1948-ல் வந்த பெயர் அது. அதற்கு முன் அது விருந்து மண்டபம். யாருக்கு விருந்து? எதற்கு விருந்து?

1799-ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மடிந்தான். அப்போது சென்னையின் ஆளுநர் எட்வர்டு கிளைவ். வெற்றிக் களிப்பைக் கல்லிலே காட்ட விரும்பினார். கோல்டிங்காம் என்ற பொறியாளர் கிரேக்கக் கோயிலின் சாயலிலே தூண்களை நிறுத்தினார். அகன்ற படிக்கட்டை அமைத்தார். முகப்பின் முக்கோணத்திலே ஒரு பக்கம் பிளாசி வெற்றி. மறுபக்கம் சீரங்கப்பட்டண வெற்றி. 1802-ல் திறப்பு விழா. மேலே நிற்பவன் ஆள்பவன், கீழே நிற்பவன் ஆளப்படுபவன் என்பதைப் பேசாமலே பேசிற்று அந்தப் படிக்கட்டு.

மகன் இங்கே கட்டினார் என்றால், தந்தை இராபர்ட் கிளைவ் அங்கே கட்டினார். இங்கிலாந்தின் சர்ரே நாட்டுப்புறத்திலே கிளேர்மாண்ட் என்ற பண்ணையை வாங்கினார். முன்பிருந்த மாளிகையை இடித்தார். கேப்பபிலிட்டி பிரவுன், என்றி ஆலந்து ஆகியோரைக் கொண்டு புதிய மாளிகை எழுப்பினார். ஆற்காட்டிலும் வங்கத்திலும் வந்த செல்வம், அங்கே தூணாயிற்று, தோட்டமாயிற்று. குடியிருக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, 1774-ல் மாண்டார். தன்னைத் தூக்கிச் செல்ல வரும் சாத்தானைத் தடுக்கத்தான் சுவரை அத்துணை தடிப்பாகக் கட்டுகிறார் என்று சர்ரே உழவர்கள் முணுமுணுத்தனராம், மெக்காலே எழுதுகிறார். சாத்தானும் இல்லை, பூதமும் இல்லை, தோழரே! ஆனால் அந்தப் பாமரரின் கற்பனைக்குள்ளே, 'இந்தச் செல்வம் எப்படி வந்தது?' என்ற பகுத்தறிவுக் கேள்வி பதுங்கியிருந்தது.

அந்தக் கேள்வியை நம் ஊர் மண்ணிலே நின்று கேட்போம். 1763-ல் நவாப் முகமது அலி, கம்பெனிக்குச் செங்கற்பட்டுச் சாகீரை வழங்கினார். நம் திருப்பெரும்புதூர் வட்டாரமும் அதற்குள் அடக்கம். ஏரிப் பாசனத்திலே விளைந்த நெல், கம்பெனியின் கணக்கேட்டிலே வரியாயிற்று. விருந்து மண்டபம் திறந்த அதே 1802-லேதான், சாகீர் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு, நிலையான வரித்திட்டத்தின்கீழ் விற்கப்பட்டன. மண்டபத்திலே விருந்து, மண்ணிலே ஏலம்!

வெள்ளையன்மீது மட்டும் பழிபோட்டுக் கைகழுவிவிடலாமா? கூடாது. 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமன்கீர் எழுதிய அறிக்கையைப் படியுங்கள். ஆதித்திராவிட உழவனின் குடிசை நின்ற மண்ணுக்கும் மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். கூலியைக் கேட்டால் குடிசை போய்விடும். அந்த அறிக்கையின் விளைவாக 1892-ல் வந்ததுதான் பஞ்சமி நிலத்திட்டம். மாளிகைக்கு மதில் கட்டியவன் அயலான். மனைக்கு மதில் கட்டியவன் அண்டைவீட்டான்!

ஆயினும் அந்த மண்டபத்தை இடித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, தயிரும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்து, பளிங்கோ என மயங்கும்படி தேய்த்து மெருகேற்றுவது சென்னைச் சுண்ணாம்பு வேலை. வெள்ளையரே வியந்த வேலை அது. ஆளுநர் பெயர் ஏட்டிலே இருக்கிறது. தேய்த்த கையின் பெயர் எந்த ஏட்டிலே இருக்கிறது? அந்தக் கைக்கே என் வணக்கம்.

எட்வர்டு கிளைவின் மனைவி வழியிலே குடும்பத்துக்கு வந்த போவிசு மாளிகை, வேல்சு நாட்டிலே இன்றும் இருக்கிறது. திப்புவின் கூடாரமும், அவன் அரியணையை அணிசெய்த பொற்புலித் தலையும் அங்கேதான் உள்ளன. 1952 முதல் அது தேசிய அறக்கட்டளையின் பொறுப்பு. சீட்டு வாங்கினால் எவரும் உள்ளே செல்லலாம். வெற்றிக்குக் கட்டிய விருந்து மண்டபமோ, வேற்றுமையை எதிர்த்த பெரியாருக்கு மக்கள் விடைகொடுத்த இடமாயிற்று. கல் மாறியிருக்கிறது, தோழரே. கருத்து?

நம் ஊர்களிலே மகிழுந்து செய்கிறோம்; கைப்பேசி செய்கிறோம். பட்டைக்கு அருகே ஒருவர் தோளை ஒருவர் உரச நிற்கிறோம். அங்கே தெரு கேட்பாரில்லை. மாலையிலே வீடு தேடும்போது மட்டும் 1891 திரும்பி வந்துவிடுகிறது.

இப்போது நால்வர் சேர்ந்து வல்லத்திலே ஓர் அறையில் இருக்கிறோம். நால்வரும் நான்கு தெருக்காரர். புதிதாக வரும் தோழனிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: "சாப்பிட்டாயா?"