விழுப்புரத்துப் பிள்ளைக்குக் கிடைத்த சாவி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நடைபாதையில் ஒரு சாவிக்காரர். விரித்த சாக்கின்மேல் கம்பி வளையங்களில் கோத்த பழைய சாவிகள், கையகல இடுக்கி, மூன்று அரம். எதிரே பீரோப் பூட்டைக் கழற்றி எடுத்துவந்த ஓர் அம்மா குந்தியிருக்கிறார். சாவிக்காரர் பல் வெட்டாத சாவி ஒன்றைப் பூட்டுக்குள் விட்டு இரு பக்கமும் அழுத்தித் திருப்புகிறார். வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார். பித்தளையில் மயிரிழை அளவு ஒரு தடம். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் நாலு இழுப்பு. மறுபடி பூட்டுக்குள்.

"ஆவுமாண்ணே?"

"ஆவும்மா, செத்த இரு."

பின்னால் கண்டக்டரின் குரல்: "செஞ்சி, செஞ்சி, திருவண்ணாமலை!"

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, பூட்டு 'டக்'கென்று விடுகிறது. அந்த அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பீரோவுக்குள் என்ன இருந்ததோ. பணத்தைக் கொடுத்து, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுகிறார்.

கண்டக்டர் கூவிய அதே பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சிக் கோட்டை. வேலூர் வாசல், புதுச்சேரி வாசல் என்று பெயர் சொல்லும் வாசல்கள் இன்றும் நிற்கின்றன. மராட்டிய மன்னர் சிவாஜி 1677-ல் இதைத் தன் வசமாக்கினார். பிறகு மொகலாயப் படை ஏழெட்டு ஆண்டு முற்றுகையிட்டு 1698-ல் பிடித்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். மதில் சூழ்ந்த ஊர் என்றால் அதன் கதவு யார் கையில் என்பதுதான் அதன் விதி. ஐரோப்பாவிலும் அப்படியே. இரவில் ஊர்க்கதவைப் பூட்டிச் சாவியைப் பொறுப்பானவர்கள் வைத்திருந்தார்கள். அரசர் வந்தால் எதிர்கொண்டு போய்ச் சாவியை நீட்டினார்கள். மதில் இடிந்தது, கதவு போயிற்று, மரியாதை மட்டும் தங்கியது. மேயர் ஒருவர் தன் ஊருக்குப் பெருமை சேர்க்கும் விருந்தாளியிடம் நகரத்துச் சாவி கொடுப்பது அதிலிருந்து வந்த வழக்கம். நம் வீடுகளில் மாமியார் கொத்துச்சாவியை மருமகள் கையில் கொடுக்கிறாரே, அந்த அர்த்தம்தான் அதற்கும்.

அப்படி ஒரு சாவியைப் பற்றிய பேச்சைக் கேட்டது விழுப்புரம் ஜங்ஷனில். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரிகிற இடம். சிமென்ட் பெஞ்சில் வெள்ளை வேட்டிப் பெரியவர், பக்கத்தில் பேரன். பையன் கையில் போன். அதிலிருந்து கட்டபொம்மனின் கர்ஜனை. பெரியவர் நிமிர்கிறார்.

"யாரு தெரியுமாடா அது?"

"கட்டபொம்மன், தாத்தா."

"சிவாஜிடா. இந்த ஊர்ல பொறந்தவரு."

"இங்கயா?"

"இங்கதான். அமெரிக்காவுல ஒரு ஊருக்கே ஒரு நாள் மேயரா இருந்தாரு. நேருவுக்கு அப்புறம் அந்த மரியாதை இவருக்குத்தான். தங்கச் சாவி குடுத்தாங்க."

"அதை வெச்சு எதைத் தொறக்கலாம்?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்கிறார். "தொறக்கறதுக்கு இல்லடா. இது உன் ஊருன்னு சொல்றதுக்கு."

பையன் போனை நிறுத்திவிட்டு ஸ்டேஷனைச் சுற்றிப் பார்க்கிறான், முதல் தடவை பார்ப்பதுபோல. நான் ஏதும் பேசவில்லை. அவருக்கு மேல் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

ஒன்று சொல்ல வேண்டுமென்றால், நடிகர் சிவாஜி கணேசனின் தகப்பனாரைப் பற்றி. வி.சி. கணேசன் பிறந்தது 1928 அக்டோபர் 1. முன்னெழுத்தில் இருக்கும் 'வி' விழுப்புரம். 'சி' சின்னையா மன்றாயர். ரயில்வே ஊழியர், விடுதலைப் போராட்டத்தில் இறங்கியவர். வெள்ளைக்காரர்கள் வந்த ரயிலுக்கு நெல்லிக்குப்பம் பக்கம் வெடி வைத்த வழக்கில் சிக்கினார். தான் பிறந்த அன்றே தகப்பனார் கைதானதாகச் சிவாஜி தன் சுயசரிதையில் சொல்கிறார். கைக்குழந்தையோடு ராஜாமணி அம்மாள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குடும்பம் திருச்சிக்குப் போனது. பையன் எதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தான். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நின்றதைப் பார்த்த பெரியார், 'சிவாஜி' என்றே அழைத்தார். செஞ்சியை ஆண்ட மன்னரின் பெயர், செஞ்சிக்கு அண்டையூரில் பிறந்தவருக்கு. 1952-ல் 'பராசக்தி'. 1960-ல் கெய்ரோ பட விழாவில் கட்டபொம்மனாக நடித்ததற்குச் சிறந்த நடிகர் விருது. 1962-ல் அமெரிக்க அரசின் அழைப்பில் போனபோது, நயாகரா நகரம் அவரை ஒரு நாள் கௌரவ மேயராக்கிச் சாவியைக் கையில் கொடுத்தது.

தகப்பனைச் சிறைக்கதவு அடைத்த நாளில் பிறந்த பிள்ளை அவர். ஏழு கடல் தாண்டி ஓர் ஊர் அவரிடம் தன் சாவியை நீட்டியது. அந்த மேயர் செய்தது வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஊர், ஒரு தமிழ் நடிகருக்காகத் தன் தலைவரின் நாற்காலியை ஒரு நாள் ஒதுக்கிவைத்தது. கலைக்கு அதைவிட வேறென்ன செய்ய முடியும்?

கடலூர்ப் பக்கம் போகும் ரயில் வருகிறது. நெல்லிக்குப்பம் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேரனின் கையைப் பிடிக்கிறார்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் மேயர் கிடையாது. இரண்டும் நகராட்சி; நகர்மன்றத் தலைவர்தான். அதனால் என்ன? மரியாதை செய்ய மாநகராட்சி ஆக வேண்டியதில்லை. சிறுவயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தன்னை நடிப்புக்கு இழுத்தது என்று சிவாஜி சொல்லியிருக்கிறார். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் இன்றும் விடிய விடியக் கூத்தாடும் கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 1-ல் இந்த இரண்டு நகர்மன்றங்களும் அவர்களில் ஒருவரைச் சபைக்கு அழைத்து, ஊர்ச்சாவி ஒன்றைக் கையில் கொடுத்து மரியாதை செய்ய வேண்டும்.