ஃப்ளாப்ஸ் என்கிற அடகுக்கடை

கொம்பாட் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாட வருகிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் ஃப்ளாப்ஸில் காதல் வரும். சிறகின் பின்விளிம்பில் இருக்கிற அந்தத் தகட்டைக் கீழே இறக்கினால் தூக்குவிசை கூடும். மெதுவாகப் பறந்தாலும் விமானம் விழாது. ஏ/எல் பௌதிகத்தில் படித்த வட்ட இயக்கம்தான்: விசை மாறாமல் வேகம் பாதியானால், வட்டத்தின் ஆரை கால்வாசியாகும். ஆனால் பாதி வேகத்தில் சிறகு அதே விசையைத் தராது. அந்தக் குறையில் கொஞ்சத்தை ஃப்ளாப்ஸ் நிரப்புகிறது.

சும்மா இல்லை. இழுவையும் கூடும், வேகம் கரையும். வெள்ளவத்தைக்காரருக்கு இதை விளக்குவது லேசு: ஃப்ளாப்ஸ் இறக்குவது நகையை அடகு வைக்கிற மாதிரி. அவசரத்துக்குக் கைகொடுக்கும். மீட்காமல் விட்டால் வட்டி தின்னும்.

எனக்கு இதைப் பழக்கினது கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒரு அண்ணா. 'வார் தண்டர்' ரீப்ளேயை நிற்பாட்டி நிற்பாட்டிக் காட்டுவார். "இறக்கிறது பெரிய வேலையில்லடா. எப்ப தூக்கிறது எண்டதுதான் விளையாட்டு" என்பார்.

அவரிடம் பழகினது மூன்று இடங்கள். ஒன்று, எதிரி கிட்ட நிற்கிறான், மூக்கை இன்னும் கொஞ்சம் திருப்பினால் சுடலாம் என்கிற அந்த ஒன்றிரண்டு செக்கன். இரண்டு, லூப்பின் உச்சி. வேகம் ஆகக் குறைகிற இடம். மூன்று, இரண்டு பேரும் மாறி மாறிக் குறுக்கே வெட்டி, யார் மெதுவாகப் பறப்பது என்று போட்டி போடுகிற 'சிசர்ஸ்'. வேலை முடிந்த உடனே தூக்கிவிட வேண்டும். வேகமாகப் போகும்போது இறக்கினால் கேமில் ஃப்ளாப்ஸ் உடைந்தே போகும்.

நாங்கள் இரண்டு பேரும் அதிகம் விளையாடுவது ஹரிகேனுக்கு எதிராக ஜீரோ. அது எங்கட ஊர்ச் சண்டை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துணைக்கு வந்தவை ஜீரோக்கள். இரத்மலானையில் நின்ற 30ஆம் ஸ்குவாட்ரனுக்கு முன்னறிவித்தல் வரவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் ஹரிகேன்கள் கிளம்பின. 258ஆம் ஸ்குவாட்ரன் ஏறினது நாங்கள் இப்போது கோப்பி குடிக்கப் போகிற ரேஸ்கோர்ஸில் இருந்து. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின.

உயரமும் இல்லை, வேகமும் இல்லை என்றால் அடகு வைக்கவே ஒன்றுமில்லை. ஃப்ளாப்ஸ் இறக்கினாலும் மெதுவான திருப்பத்தில் ஹரிகேனால் ஜீரோவை வெல்ல ஏலாது. வேகம் கூடினால் ஜீரோவின் கட்டுப்பாடுகள் இறுகிவிடும்; ஆகவே டைவ் பண்ணி விலகுவதுதான் வழி. டைவ் பண்ண உயரம் வேண்டுமே. இன்னொன்று: ஹரிகேனில் சக்கரத்துக்கும் ஃப்ளாப்ஸுக்கும் ஒரே நெம்புகோல், அதுவும் வலது பக்கத்தில். அதைத் தொட, ஸ்டிக்கை இடது கைக்கு மாற்ற வேண்டும். எனக்கு ஒரு பட்டன் அமத்தினால் சரி.

சண்டை சூடுபிடித்தால் ஸ்பீக்கர் சத்தம் குசினி வரைக்கும் போகும். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த அம்மம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்றா. "உதென்ன பொம்மர் சத்தம்? குறை பிள்ளை." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அவவுக்கு விமானம் என்றால் பங்கருக்குள் இருந்து கேட்கிற ஒன்று. அதன் கொக்பிட்டுக்குள் ஏறி இருந்து பார்க்க அவவுக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது.

விளையாட்டை நான் விடவில்லை. விமானம் எப்படித் திரும்புகிறது என்று அறிகிற ஆசை தப்பென்றும் எனக்குப் படவில்லை. இப்போது ஹெட்செட் போடுகிறேன். ஆகாயத்தில் ஆளுக்கு ஆள் மோதுகிற சண்டை மட்டும்தான். தரையில் குண்டு போடுகிற மிஷன்களை எடுப்பதில்லை. அண்ணா காரணம் கேட்டார். சொன்னேன். "சரி, அப்ப ஏறு, ஹரிகேன் உனக்கு" என்றார்.